கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை பாட்டுக்கு ஓடி வருகிறான் என்றால்

உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். மகனுக்கு நான்கு வயது, ஆட்டிசம் என்று சொல்லி ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் ஒரு சொல் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆனால் அடுத்த அறையில் டிவியில் ஒரு விளம்பரப் பாட்டு ஆரம்பித்தால் எங்கிருந்தாலும் ஓடி வந்து நிற்கிறான், ராத்திரி படுத்துக்கொண்டு அதே மெட்டை ஸ்ருதி பிசகாமல் முனகுகிறான். மியூசிக் தெரபியில் சேர்த்தால் பேச்சு வருமா, ஒரு குறிப்பிட்ட ராகத்தைத் தினமும் கேட்க வைக்கச் சொல்கிறார்களே அது உண்மையா, கீபோர்டு வாங்கிக் கொடுக்கலாமா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் வேறு ஒரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. அவனிடம் போய்ச் சேர ஒரு கதவு இந்தப் பாட்டில் திறந்திருக்கிற மாதிரி தெரிகிறது, அதன் வழியாகப் போகலாமா, போனால் எவ்வளவு தூரம் போக முடியும்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

நான் சின்ன வயதிலிருந்து வாய்ப்பாட்டு கற்றவள். பிறகு சிறப்புக் கல்வி படித்தேன், பதினாறு வருடமாக ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு இசையை வைத்து வேலை செய்கிறேன். நான் டாக்டர் இல்லை, ஸ்பீச் தெரபிஸ்டும் இல்லை. உங்கள் மகனை நேரில் பார்த்ததும் இல்லை. அதனால் அவனைப் பற்றி எந்த முடிவும் சொல்ல மாட்டேன். இந்த வேலையில் எது உறுதி, எது நம்பிக்கை, எது வெறும் வியாபாரம் என்று பிரித்துச் சொல்ல முடியும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். காது பரிசோதனை ஆகிவிட்டதா? நீங்கள் எழுதவில்லை. பாட்டுக்கு ஓடி வருகிறான், முனகுகிறான், அதனால் காது நன்றாகத்தான் கேட்கிறது என்று பெரும்பாலான வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். சில அலைவரிசைகள் மட்டும் கேட்காத குறைபாடு உண்டு, அப்படிப்பட்ட பிள்ளைக்கு மெட்டு தெரியும், சொல்லின் மெய்யெழுத்துக்கள் தெரியாமல் போகலாம். பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் இந்தச் சோதனை முதலில் நடக்க வேண்டும். நடந்திருந்தால் சரி, இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

உங்கள் மகன் செய்வது அபூர்வம் இல்லை. ஆட்டிசம் என்ற நிலையை 1943இல் லியோ கானர் முதன்முதலாக விவரித்து எழுதியபோது 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அதில் முதல் பிள்ளையைப் பற்றியே, ஒரு வயதில் பல மெட்டுகளைச் சரியாக முனகவும் பாடவும் செய்தான் என்ற குறிப்பு இருக்கிறது. பேச்சில் பின்தங்கியும் சுரத்தில் கூர்மையாகவும் இருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். ஒரு சுரத்தைக் கேட்டதும் வேறு எதோடும் ஒப்பிடாமல் அது எந்தச் சுரம் என்று அடையாளம் காணும் திறன் பொது மக்களில் பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்று வழக்கமாகச் சொல்வார்கள், ஆட்டிசம் உள்ளவர்களிடையே அதைவிட அதிகமாகக் காணப்படுகிறது. லண்டனில் பமேலா ஹீட்டன் என்ற ஆய்வாளர் 1990களில், இசைப் பயிற்சியே இல்லாத ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் தனிச் சுரங்களை மற்றப் பிள்ளைகளைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பதைக் காட்டினார். நம் நாட்டிலேயே, மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், பேசிய சொல்லைக் கேட்கும்போது இந்தப் பிள்ளைகளின் மூளையில் பலவீனமாகத் தெரிந்த ஒரு இணைப்பு, அதே சொல்லைப் பாடிக் கேட்கும்போது மற்றப் பிள்ளைகளில் இருப்பது போலவே இருந்தது என்று கண்டார்கள்.

ஏன் இப்படி? இங்கே உறுதி குறைகிறது. நான் பார்த்த வரையில், பாட்டு அடுத்து எங்கே போகும் என்று தெரிகிற விஷயம். ஆடியோவில் இருக்கிற பாட்டு நூறு தடவை போட்டாலும் அப்படியே வரும். மனிதர் பேச்சு அப்படி வராது. "இங்கே வா" என்று காலையில் நீங்கள் சொன்னதும் மத்தியானம் பாட்டி சொன்னதும் அவன் காதில் இரண்டு வேறு ஒலிகளாகக்கூட இருக்கலாம். அடுத்தது தெரிகிற இடத்தில் பிள்ளைக்குப் பயம் குறைகிறது, பயம் குறைந்த பிள்ளை பக்கத்தில் யார் இருக்கிறார் என்று கவனிக்க ஆரம்பிக்கிறது. இது என் அனுபவத்தில் வந்த எண்ணம். நிரூபணமான உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஐந்து வயதுக்குப் பக்கம். வந்த முதல் மூன்று வாரமும் அறையில் இருந்த மேசைக்கு அடியில்தான் இருந்தான். ஒரு பிளாஸ்டிக் காரின் சக்கரத்தைச் சுற்றுவான், அலுத்தால் மேசைக் காலில் நகத்தால் தட்டுவான். டக் டக், கொஞ்சம் இடைவெளி, டக். நான் நாலடி தள்ளி கீழே உட்கார்ந்து, கஞ்சிராவை மடியில் வைத்து, அவன் தட்டியதை அப்படியே சன்னமாகத் திருப்பித் தட்டினேன். கூப்பிடவில்லை, பெயர் சொல்லவில்லை. இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் தட்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான். நானும் நிறுத்தினேன். இரண்டு தட்டினான், நானும் இரண்டு. அப்புறம் வேகமாக ஐந்து, நானும் ஐந்து. மேசைக்கு அடியிலிருந்து தலை வெளியே வந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, கஞ்சிராவின் தோல் மேல் இருந்த என் விரலைப் பார்த்தான். நாலு நொடி இருக்கும். கதவோரம் உட்கார்ந்திருந்த அவன் அம்மா மூச்சே விடவில்லை.

அந்த நாலு நொடியில் அவனுக்குத் தெரிந்தது என்னவென்றால், தான் ஒன்று செய்தால் இன்னொரு ஆள் அதற்குப் பதில் செய்கிறார் என்பது. பேச்சுக்கு அடித்தளம் அதுதான். நான்கு மாதத்தில் அவனாகக் கஞ்சிராவை எடுத்து வந்து என் கையில் வைப்பான், அது "ஆரம்பி" என்று அர்த்தம். பேச்சு வந்ததா என்று கேட்பீர்கள். அப்போது வரவில்லை. ஏழு வயதில் படப் பலகையிலும் பிறகு டேப்லெட்டிலும் கேட்க ஆரம்பித்தான், வாய்ச் சொல் இன்றைக்கும் குறைவு. அதையும் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொன்னால் உங்களை ஏமாற்றியது போல ஆகும்.

இந்த முறை நான் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃப், இங்கிலாந்தில் சிறப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்த கிளைவ் ராபின்ஸ் இருவரும் 1959இல் வொர்செஸ்டர்ஷயரில் சன்ஃபீல்டு என்ற இல்லத்தில் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். பிள்ளை அழுதால் அந்த அழுகையின் சுருதியிலேயே பியானோ வாசிப்பது, தட்டினால் அந்தத் தட்டலுக்கு ஏற்ற இசையை அந்த நிமிடத்தில் கட்டுவது என்பதுதான் அவர்கள் பாணி. நமக்கு இது அந்நியமும் இல்லை. பிள்ளைத்தமிழின் பருவங்களை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். தாலில் நாவசைத்துத் தாலாட்டு, சப்பாணியில் கை கொட்டச் சொல்வது, அப்புறம் முத்தம் கேட்பது, வா என்று கூப்பிடுவது, அம்புலியில் நிலாவைக் காட்டி விளையாடக் கூப்பிடுவது, ஆண்பிள்ளையென்றால் சிறுபறை முழக்கச் சொல்வது. கை தட்டுகிறானா, கூப்பிட்டால் வருகிறானா, விரலால் சுட்டிக் காட்டுகிறானா என்று இன்றைக்கு டாக்டர் உங்களிடம் கேட்கிற கேள்விகள்தானே இவை? நிலாவைக் காட்டினால் குழந்தை நிலாவைப் பார்த்துவிட்டு அம்மாவையும் திரும்பிப் பார்க்கும். ஒன்றைச் சேர்ந்து கவனிப்பது என்ற அந்தத் திறமைதான் நம் பிள்ளைகளுக்குச் சிரமமாக இருக்கிறது, நம் பாட்டிகள் அதைப் பாட்டில் வைத்துத்தான் பழக்கினார்கள்.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது, இரண்டையும் சொல்ல வேண்டும். முதலில் மனதைக் கலக்குகிற செய்தி. ஒன்பது நாடுகளில் 4 முதல் 7 வயது வரை உள்ள 364 பிள்ளைகளை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சைகளோடு சேர்த்து ஐந்து மாதம் இசை சிகிச்சை, மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யார் எந்தக் குழு என்று தெரியாத நிபுணர்கள் கடைசியில் மதிப்பிட்டபோது, ஆட்டிசத்தின் முக்கியமான சமூக அறிகுறிகளில் இரண்டு குழுவுக்கும் பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரு புள்ளிதான் முன்னேற்றம். இது வெளியானபோது எங்களில் பலர் அளவுகோல் சரியில்லை என்று சொன்னார்கள். அந்த அளவுகோல் ஆட்டிசம் இருக்கிறதா என்று கண்டறியச் செய்யப்பட்டது, சின்ன மாற்றங்களைப் பிடிக்கச் செய்யப்பட்டது இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் அதைச் சாக்காக வைத்து அந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது.

அடுத்தது, உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பின் 2022 மதிப்பாய்வு. 26 ஆய்வுகள், 1165 பேர். பொதுவாக ஒரு முன்னேற்றம் தெரிவதற்கான வாய்ப்பு, அறிகுறிகளின் மொத்தத் தீவிரம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் இசை சிகிச்சை உதவக்கூடும், பாதகமான விளைவுகள் அதிகமாவதாகத் தெரியவில்லை என்றார்கள். பேச்சிலும் பழகுவதிலும் சிகிச்சை முடிந்தவுடன் தெளிவான வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியவில்லை. இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்களிடம் பேச்சு வரும் என்றுதானே விற்கிறார்கள்.

சின்ன ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஆஸ்திரேலியாவில் 3 முதல் 5 வயது வரை உள்ள 23 பிள்ளைகளின் வீட்டுக்கே போய், பெற்றோரையும் சேர்த்து உட்கார வைத்து 16 வாரம் இசை சிகிச்சை செய்தார்கள், 2014இல் வெளிவந்தது. பிள்ளை வீட்டில் மற்றவர்களோடு சேர்ந்துகொள்வதிலும், அம்மா அப்பாவுக்கும் பிள்ளைக்கும் இடையே இருக்கும் உறவிலும் நல்ல மாற்றம் இருந்தது. இன்னொன்று பாஸ்டனில், பேச்சே இல்லாத ஆறு பிள்ளைகளுக்கு இரண்டு அசைச் சொற்களை இரண்டு சுரத்தில் பாடிக்கொண்டே, அதே சுரத்தில் ஒலிக்கிற இரண்டு டிரம்மைக் கையால் தட்ட வைத்தார்கள். 40 அமர்வுகளுக்குப் பிறகு ஆறு பேருமே சொல்லின் ஒலிகளைச் சொல்வதில் முன்னேறினார்கள். ஆறு பேர்தான், அதை மறக்கக் கூடாது. முதல் ஆய்வும் 23 பேர்தான். ஆனால் பெரிய ஆய்வில் நிபுணரின் அறையில் கிடைக்காத ஒன்று வீட்டில், அம்மாவின் மடியில் கிடைத்தது என்பது என் பதினாறு வருட அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. என் அறையில் வாரம் ஒரு மணி நேரம். வீட்டில் வாரத்துக்கு நூறு மணி நேரம்.

ராகம் விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ராகம் கேட்டால் பேச்சு வரும், அந்த ராகம் கேட்டால் துறுதுறுப்பு அடங்கும் என்பதற்கு ஆட்டிசத்தில் நம்பத்தகுந்த எந்த ஆதாரமும் கிடையாது. ராகங்களை உயிராக நினைக்கிறவள் நான், அதனால்தான் வருத்தத்தோடு சொல்கிறேன். மொசார்ட் கேட்டால் குழந்தைக்கு அறிவு வளரும் என்று உலகம் முழுக்க சிடி விற்றார்களே, அதன் மூலம் 1993இல் கல்லூரி மாணவர்கள் 36 பேரை வைத்து நடந்த ஒரு சோதனை. பத்து நிமிடம் கேட்ட பிறகு ஒரு வகைப் புதிரில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள், அதுவும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது. குழந்தைகள் அந்தச் சோதனையில் இல்லவே இல்லை. ஹெட்ஃபோன் மாட்டி, வடிகட்டிய ஒலியைக் கேட்க வைத்துக் காதைப் பழக்குகிறோம் என்று சொல்லும் பயிற்சிக்கும் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 1998லேயே சொல்லிவிட்டது. பிள்ளைக்குப் பிடித்த பாட்டைப் போட்டால் மனம் அமைதியாகும், அது நல்லதுதான். ஆனால் பிள்ளை தனியாகக் கேட்டுக்கொண்டே இருப்பதில் நீங்கள் இல்லை. நீங்கள் இருந்தால்தான் வேலை நடக்கிறது.

அப்படியானால் வீட்டில் என்ன செய்யலாம். அவன் ராத்திரி முனகுகிறான் என்றீர்களே, அதிலிருந்து ஆரம்பியுங்கள். எந்தச் சுருதியில் முனகுகிறான் என்று பாருங்கள். போனில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்ருதிப் பெட்டி செயலியைச் சன்னமாக வைத்து, கட்டையை, அதாவது சுருதியின் உயரத்தை, மாற்றி மாற்றிப் பார்த்தால் அவன் குரலோடு ஒட்டுகிற இடம் தெரியும். சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டைக்குப் பக்கத்தில் இருப்பார்கள். அப்பா தாழ்வாக, 1 கட்டையில் பாடினால் அவனுக்கு அது வேறு உலகம். செயலியை அணைத்துவிட்டு, அவன் முனகும்போது அதே சுருதியில் கூடவே சன்னமாக முனகுங்கள். நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். உங்கள் பக்கம் ஒரு பார்வை, தலையில் ஒரு சின்ன அசைவு, அல்லது உங்களைச் சோதிக்கிற மாதிரி மெட்டை மாற்றுவது, ஏதாவது ஒன்று சில நாளில் வரும். வந்ததும் ஆர்ப்பாட்டம் செய்யாதீர்கள். "சூப்பர், வெரி குட்" என்று கை தட்டினால் நிறையப் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

அடுத்தது இடைவெளி. இந்த வேலையில் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுத் தர முடியும் என்றால் நான் இதைத்தான் தருவேன். அவனுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை எடுத்து, வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, வாயைத் திறந்தபடி, புருவத்தை உயர்த்திக் காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெற்றோருக்கு மூன்றுக்கு மேல் தாங்காது, தாங்களே சொல்லிவிடுவார்கள், நானும் ஆரம்ப காலத்தில் அப்படித்தான் கெடுத்தேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கேட்டதை உள்வாங்கிப் பதில் தர நேரம் அதிகம் தேவைப்படும். முடியாத வரி அவனை உறுத்தும். ஒரு நாள் அவன் உங்கள் வாயைப் பார்ப்பான், இன்னொரு நாள் கையால் உங்கள் தாடையை அசைப்பான், ஒரு நாள் "ம்" என்று ஒரு ஒலி வரும். எது வந்தாலும் அதையே பதிலாக ஏற்று வரியை முடியுங்கள். சொல்தான் வர வேண்டும் என்று பிடித்து வைத்தால் அது விளையாட்டாக இருக்காது, பரீட்சையாகிவிடும்.

இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களைக் கவிழ்த்து வைத்து, ஒன்றில் மேல் சுரம், ஒன்றில் கீழ்ச் சுரம் என்று "வே-ணும்", "தண்-ணி", "போ-லாம்" என்று பாடிக்கொண்டே தட்டிப் பாருங்கள். அவன் கையைப் பிடித்து வலுக்கட்டாயமாகத் தட்ட வைக்க வேண்டாம். அன்றாடம் சண்டையாகிற வேலை ஒன்று இருக்குமே, பல் தேய்ப்பதோ செருப்புப் போடுவதோ, அதற்கு இரண்டு வரியில் ஒரு பாட்டைக் கட்டுங்கள், மெட்டு அந்த விளம்பரத்துடையதாகவே இருக்கட்டும். வேலை முடியும் இடத்தில் பாட்டும் முடிய வேண்டும், அதுதான் அவனுக்கு எப்போது முடியும் என்று காட்டுகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒரு வீட்டில் இந்தப் பாட்டு இல்லாமல் பிள்ளை குளிக்கவே மாட்டான் என்ற நிலை வந்துவிட்டது, அம்மா ஊருக்குப் போனால் பாட்டி தவித்தார். அதனால் பழகிய பிறகு வேகத்தை மாற்றுங்கள், ஒரு சொல்லை மாற்றுங்கள், வேறு ஆள் பாடட்டும், மெல்ல மெல்ல முனகலாக்கி விட்டுவிடுங்கள்.

டிவியில், யூடியூபில் அதே நான்கு நொடியைத் திருப்பித் திருப்பிப் போடுவான் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான். பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அந்த நான்கு நொடியை நீங்களும் வாயால் பாடுங்கள், நாளாவட்டத்தில் வாய்ப்பாட்டுக்கு அவன் மாறலாம். பிடித்த இரண்டு பாட்டுக்கு இரண்டு படம் வரைந்து ஓர் அட்டையில் ஒட்டி, அவன் ஒன்றைத் தொட்டால் அந்தப் பாட்டைப் பாடுங்கள். தொட்டுக் கேட்பதும் பேச்சுதான். படத்தில் பழகினால் வாய் பேசாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், படமும் டேப்லெட் போன்ற கருவியும் பேச்சைத் தடுப்பதாக ஆதாரம் இல்லை.

இன்னொரு விஷயம், அவன் பாட்டு வரிகளைச் சொற்களோடு பாட ஆரம்பித்தால் வீடே கொண்டாடும், கொண்டாடலாம், ஆனால் முழு வரியும் அவனுக்கு ஒரே துண்டாக இருக்கலாம், அதற்குள் இருக்கும் சொற்களின் பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்தத் துண்டை உடைத்துச் சொல்லாக்குவது ஸ்பீச் தெரபிஸ்டின் வேலை. அதனால்தான் இசைக்குப் பணம் வேண்டும் என்று ஸ்பீச் தெரபியையோ ஓ.டி. என்கிற ஆக்குபேஷனல் தெரபியையோ நிறுத்தி விடாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

எல்லாப் பிள்ளைக்கும் இசை பிடிக்கும் என்றும் இல்லை. கல்யாண வீட்டு மேளத்துக்கும் குக்கர் விசிலுக்கும் மிக்ஸிக்கும் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற பிள்ளைகள் உண்டு, அது பிடிவாதம் இல்லை, நிஜமாகவே வலி போல இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு சிறுமிக்குக் குரல் சரி, ஜால்ரா ஒலித்தால் வாந்தி வரும் வரை அழுவாள். ஐந்து வாரம் பார்த்துவிட்டு, இது உங்கள் பெண்ணுக்கு வேண்டாம், தண்ணீர் விளையாட்டில் அவள் நன்றாக இருக்கிறாள், அதை வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினேன். பழகிவிடும் என்று சத்தத்தின் நடுவில் பிடித்து உட்கார வைப்பது கொடுமை.

தெரபிஸ்டைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி. பிரிட்டனில் சட்டப்படி பதிவு பெற்றவர் மட்டுமே இசை சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு தருகிற பிரிவுகளில் ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பு ஆசிரியர், உளவியலாளர் எல்லாம் உண்டு, இசை சிகிச்சையாளர் என்ற பிரிவு இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசை சிகிச்சைக்கென்றே கல்வி மையம் இருக்கிறது, இப்படி முறையாகப் படித்தவர்களும் இருக்கிறார்கள். யாரிடம் போனாலும் நான்கு கேள்வி கேளுங்கள். எங்கே படித்தீர்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு யாருடைய மேற்பார்வையில் வேலை செய்தீர்கள்? என் மகனுக்கு அடுத்த மூன்று மாதத்தில் என்ன ஒன்றை நோக்கிப் போகிறீர்கள்? அது நடக்கிறதா என்று எப்படிக் குறித்து வைப்பீர்கள்? நான் உள்ளே உட்காரலாமா? கடைசிக் கேள்விக்கு "அம்மா இருந்தால் பிள்ளை ஒத்துழைக்காது" என்று கதவை மூடுகிற இடத்தில் சேர்க்காதீர்கள். என் சொந்தக்காரப் பிள்ளை ஒருவனை அப்படி ஒரு இடத்தில் ஏழு மாதம் விட்டோம், மூடிய அறையில் போனில் பாட்டுப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. குணப்படுத்துகிறேன் என்று சொல்கிறவரிடமும் வேண்டாம். ஆட்டிசம் குணப்படுத்துகிற நோய் இல்லை, அந்தப் பிள்ளை உலகத்தை உணர்கிற விதம் அது.

பாட்டு வகுப்பில் சேர்ப்பது தெரபி ஆகாது, ஆனால் அதுவும் தன்னளவில் நல்லதுதான், கொஞ்ச காலம் போகட்டும். பொறுமையான டீச்சர், சம்மணம் போட்டே தீர வேண்டும் என்று சொல்லாதவர், பதினைந்து நிமிடம் போதும் என்பவர் கிடைத்தால் பாருங்கள். அவனுக்கு ஸ்ருதி ஞானம் இருக்கிறது என்று தெரிந்தவுடன் சொந்தக்காரர்கள் மேடை ஏற்றச் சொல்வார்கள், வீடியோ எடுத்துப் போடச் சொல்வார்கள். அவனுக்கு அதில் சந்தோஷம் இருந்தால் தவிர வேண்டாம். அவன் அமைதிக்கென்று வைத்திருக்கிற ஒரே இடத்தை மற்றவர்கள் கைதட்டலுக்காக எடுத்துவிட்டால் அவன் எங்கே போவான்.

கடைசியாகக் கீபோர்டு. இப்போதைக்கு வாங்க வேண்டாம். டெமோ பட்டனை ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் போதும், அதை அழுத்தி அழுத்தித் தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பான், டிவிக்குப் பதில் இன்னொரு டிவி. வாங்கியே ஆக வேண்டும் என்றால் சின்னக் கஞ்சிராவோ, ஓசை மென்மையான சிறிய டிரம்மோ போதும், அதுவும் ஒன்றுதான், இரண்டு வேண்டாம். ஒன்று இருந்தால் அதை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டி வரும். அவன் தட்டிவிட்டு உங்கள் பக்கம் தள்ளுவான், நீங்கள் தட்டிவிட்டு அவன் பக்கம் தள்ளுவீர்கள். ஒரு மாதம் அப்படிப் பார்த்துவிட்டு, எத்தனை தடவை அவனாகத் தள்ளினான் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த தடவை ஸ்பீச் தெரபிஸ்டிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.